காஸி: குத்தகைக்கு வந்த நீர்மூழ்கியின் கடைசிப் பயணம்

விசாகப்பட்டினத்துக் கடலில் கிடக்கும் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியைப் பற்றி மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அதை இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். ராஜ்புத் மூழ்கடித்ததா, அல்லது தானாக வெடித்ததா? அமெரிக்கா கொடுத்த பழைய கப்பல் என்பதால்தான் இந்தக் கதியா? இவ்வளவு கரைக்குப் பக்கத்தில் கிடந்தும் ஏன் இன்னும் வெளியே எடுக்கவில்லை?

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்பவர்கள் இரண்டு நாடுகளிலும் நிறையப் பேர். இங்கே "ராஜ்புத்" என்பார்கள், அங்கே "விபத்து" என்பார்கள். அந்தக் கப்பலில் இருந்த 90க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்பதால் உள்ளே நடந்ததைச் சொல்ல சாட்சி கிடையாது. மிஞ்சியிருப்பவை வெளியே கேட்ட வெடிச்சத்தம், மிதந்து வந்த பொருள்கள், முக்குளிப்பவர்கள் பார்த்த சிதைவு, இவைதான். அவற்றை வைத்து எதுவரை சொல்லலாம் என்பதற்குக் கீழே வருகிறேன். ஆனால் காஸி மூழ்கிய 1971 டிசம்பர் 3 இரவிலிருந்து மட்டும் இந்தக் கதையைத் தொடங்கினால் காஸி அங்கே ஏன் வந்தது என்பது புரியாது. அந்தக் கப்பலின் பிறப்பிலிருந்து தொடங்குவதுதான் சரி.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கிட்டரி என்ற ஊரில் உள்ள போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கப்பல்தளத்தில் கட்டப்பட்ட கப்பல் இது. 1944 டிசம்பர் 1 அன்று நீரில் இறக்கினார்கள். 1945 மார்ச் 31 அன்று யு.எஸ்.எஸ். டயாப்லோ என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. டயாப்லோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் பிசாசு. ஜூலை 21 அன்று பேர்ல் ஹார்பர் போய்ச் சேர்ந்து, ஆகஸ்ட் 10 அன்று தன் முதல் போர் ரோந்துக்குக் கிளம்பியது. சில நாள்களிலேயே ஜப்பான் பணிந்துவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று சைப்பான் தீவில் ரோந்தை முடித்துக்கொண்டது. எந்தப் போருக்காகக் கட்டினார்களோ அந்தப் போர், இது களத்துக்குப் போய்ச் சேரும்போதே முடிந்துபோயிற்று.

டென்ச் வகை என்று அதற்குப் பெயர். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க நீர்மூழ்கிகளில் கடைசி வகை. நீளம் 95 மீட்டர். முன்பக்கம் ஆறு, பின்பக்கம் நான்கு என்று மொத்தம் 10 டார்பிடோக் குழாய்கள். பசிபிக் பெருங்கடலைக் கடந்து போய் ஜப்பானியக் கப்பல்களை வேட்டையாடுவதற்காகவே வடிவமைத்தார்கள். அதனால் நீர்மேல் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் போனால் 11,000 கடல் மைல் போகும் அளவுக்கு எரிபொருள் கொள்ளும். நீருக்கு அடியில் நிலைமை வேறு. 126 செல்கள் கொண்ட இரண்டு பெரிய ஈய-அமில பாட்டரித் தொகுதிகள்தான் அங்கே எல்லாம். அவற்றின் பலத்தில் மிக மெதுவாக ஊர்ந்தால் இரண்டு நாள் தாங்கும், முழு வேகத்தில் ஓடினால் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்தால் மேலே வந்து டீசல் எஞ்சினை ஓட்டி மறுபடி சார்ஜ் ஏற்றியாக வேண்டும். நீர்மேல் ஓடிக்கொண்டு, தேவைப்படும்போது முங்குகிற கப்பல் என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பின்னாளில் இதற்கு ஸ்னார்க்கல் பொருத்தினார்கள். அதாவது உடல் நீருக்குள் இருக்க, காற்றுக்குழாயை மட்டும் மேலே நீட்டி எஞ்சினை ஓட்டும் வசதி. இந்த பாட்டரி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1964 ஜூன் 1 அன்று இந்தக் கப்பல் பாகிஸ்தானுக்குக் கைமாறியது. விற்கவில்லை, குத்தகைக்குக் கொடுத்தார்கள். பி.என்.எஸ். காஸி என்று பெயர் மாற்றினார்கள். அறப்போர் வீரன் என்று பொருள். செப்டம்பரில் கராச்சிக்கு வந்தது. தெற்காசியாவில் எந்த நாட்டிடமும் அதுவரை நீர்மூழ்கி கிடையாது. இந்தியாவின் முதல் நீர்மூழ்கியான கல்வரி கடற்படையில் சேர்ந்தது 1967 டிசம்பரில்தான். ஆக மூன்றாண்டுக்கும் மேல் இந்தப் பகுதிக் கடலில் காஸிதான் தனிக்காட்டு ராஜா.

1965 போரில் அதன் மதிப்பு தெரிந்தது. காஸியை பம்பாய்க்கு வெளியே காவலுக்கு நிறுத்தினார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் கராமத் ரஹ்மான் நியாஸி, பிற்காலத்தில் பாகிஸ்தான் கடற்படைக்கே தளபதியானவர். செப்டம்பர் 22 அன்று ஐ.என்.எஸ். பிரம்மபுத்ரா மீது டார்பிடோ வீசி மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் அறிவித்தது. மாலுமிகளுக்கு விருதுகளும் கிடைத்தன. பிரம்மபுத்ராவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை என்பதுதான் உண்மை. அதற்காக காஸி எதையும் சாதிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. நீர்மூழ்கி ஒன்று எங்கோ இருக்கிறது என்ற நினைப்பே போதும், மொத்தக் கடற்படையும் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கும். அந்த வேலையைக் காஸி ஒற்றைக் கப்பலாகச் செய்தது. 1971இல் அதைத் தேர்ந்தெடுத்தவர்களின் மனதில் இந்த நினைவும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

போர் முடிந்தபோது ஒரு புதுச் சிக்கல். அமெரிக்கா இரண்டு நாடுகளுக்கும் ஆயுதத் தடை விதித்துவிட்டது. குத்தகைக்கு எடுத்த கப்பலுக்கு உதிரிபாகமும் பெரிய பராமரிப்பும் கொடுத்தவரிடமிருந்துதான் வரவேண்டும். கராச்சியில் அவ்வளவு பெரிய வேலைக்கு வசதி இல்லை. துருக்கியிடமும் இதே காலத்து அமெரிக்க நீர்மூழ்கிகள் இருந்தன, அவற்றைப் பழுது பார்க்கும் தளமும் கோல்ஜுக்கில் இருந்தது. அங்கே அனுப்புவது என்று முடிவானது. 1967 ஜூனில் அரபு-இஸ்ரேல் போரால் சூயஸ் கால்வாய் மூடப்பட்டுவிட்டதால் ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றிக்கொண்டு போகவேண்டி வந்தது. கராச்சிக்குத் திரும்பியது 1970 ஏப்ரலில். சாதாரணக் காலத்தில் கால்வாய் வழியாகச் சில வாரங்களில் போய்வரக்கூடிய தூரம் அது. இரண்டாம் கையாக வாங்கிய போர்க்கப்பலின் உண்மையான விலை இந்த மாதிரி இடங்களில்தான் தெரியவரும். வாங்கும்போது மலிவு. அதற்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னொரு கண்டத்தில் இருப்பார்கள்.

பாகிஸ்தான் இதற்குள் பிரான்சிடமிருந்து மூன்று புத்தம் புதிய டாஃப்னே வகை நீர்மூழ்கிகளை வாங்கிவிட்டது. ஹங்கோர், ஷுஷுக், மங்ரோ. காஸியைவிடச் சிறியவை, சத்தம் குறைந்தவை. இதில் ஹங்கோர்தான் 1971 டிசம்பர் 9 அன்று ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அன்று உயிரிழந்தார்கள். அப்படியென்றால் புதிய கப்பல்களை வைத்துக்கொண்டு, 26 வயதான காஸியை ஏன் வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார்கள்?

விடை தூரத்தில் இருக்கிறது. கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி விசாகப்பட்டினம் வர 2,000 கடல் மைலுக்கு மேல். வந்து, வாரக்கணக்கில் காத்திருந்து, அதே வழியில் திரும்ப வேண்டும். கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) இருந்த சிட்டகாங் துறைமுகத்தில் நீர்மூழ்கியைப் பழுது பார்க்க வசதி எதுவும் இல்லை. டாஃப்னேக்களுக்கு அவ்வளவு எட்டாது. பசிபிக்குக்காகக் கட்டப்பட்ட கிழட்டுக் காஸிக்கு மட்டும்தான் எட்டும். இலக்கோ மிகப் பெரியது: ஐ.என்.எஸ். விக்ராந்த், இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பல். அது கிழக்கே இருந்தால் கிழக்குப் பாகிஸ்தானுக்குக் கடல்வழி முழுக்க அடைபட்டுவிடும்.

1971 நவம்பர் 14 அன்று கமாண்டர் ஜாபர் முகமது கான் தலைமையில் காஸி கராச்சியை விட்டுக் கிளம்பியது. இலங்கையைச் சுற்றிக்கொண்டு நவம்பர் 20 வாக்கில் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. முதலில் தேடியது சென்னைக்கு எதிரே. இதற்குக் காரணம் இருந்தது. விக்ராந்த் அந்த ஆண்டு ஜூலையில் மேற்குக் கரையிலிருந்து சென்னைக்கு வந்துசேர்ந்திருந்தது. சென்னைக்காரர்கள் பார்க்கும்படியாகவே நின்றிருந்த கப்பல் அது, ரகசியமாக எதுவும் வைக்க முடியாது.

இங்கே கிழக்குக் கடற்படைத் தலைவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரிலேயே வீரப்பதக்கம் வாங்கியவர். நம் ஆட்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று எனக்கு எப்போதும் ஓர் ஆதங்கம் உண்டு. அவர் கையில் இருந்த விக்ராந்துக்கும் வியாதி இருந்தது. நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. வேகமில்லாத விமானந்தாங்கி நீர்மூழ்கிக்கு எளிதான இரை. காஸி வந்தே தீரும், அது மட்டும்தான் இவ்வளவு தூரம் வரமுடியும் என்று கிருஷ்ணன் கணக்குப் போட்டார். எதிரியிடம் இருக்கும் கப்பல் எவ்வளவு தூரம் ஓடும் என்பது பழைய அமெரிக்கக் கப்பலானால் எல்லோருக்கும் தெரிந்த தகவல்தான்.

விக்ராந்தை அவர் அந்தமான் தீவுகளில் ஆள் நடமாட்டமில்லாத ஓர் இயற்கைத் துறைமுகத்துக்கு அனுப்பினார். போர்ட் எக்ஸ்-ரே என்று அதற்கு மறைபெயர். காஸி சென்னைக்கு எதிரே தேட ஆரம்பித்தபோது விக்ராந்த் கிளம்பி ஏறக்குறைய பத்து நாள் ஆகியிருந்தது. அது விசாகப்பட்டினத்துப் பக்கம்தான் இருக்கிறது என்று எதிரியை நம்பவைக்க வேண்டும். அதற்கு அவர் செய்த காரியங்கள் ஒவ்வொன்றும் ரசிக்கத்தக்கவை. ஒரு விமானந்தாங்கியின் ஆயிரக்கணக்கான மாலுமிகளுக்குத் தேவைப்படும் அளவுக்கு இறைச்சி, காய்கறி, மளிகை என்று விசாகப்பட்டினத்து ஒப்பந்தக்காரர்களிடம் ஆர்டர் கொடுக்கச் செய்தார். சந்தையில் பேச்சு பரவும், பேச்சு போக வேண்டிய இடத்துக்குப் போகும். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலைக் கடலுக்கு அனுப்பி, பெரிய கப்பல் ஒன்று அங்கே இருப்பதுபோல் வானொலிச் செய்திகளைக் கொட்டச் சொன்னார். விக்ராந்தில் உள்ள ஒரு மாலுமி தன் தாயாரின் உடல்நிலையை விசாரித்து அனுப்புவதுபோல ஒரு சாதாரணத் தந்தியும், யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கும்படி, போனது. போர்க்காலத்தில் இப்படி ஒரு தவறை மாலுமிகள் செய்வார்கள் என்று எந்த உளவுத்துறையும் நம்பும்.

கராச்சியும் நம்பியது. காஸியின் சிதைவிலிருந்து பின்னர் மீட்ட காகிதங்களில் நவம்பர் 25 தேதியிட்ட ஒரு செய்தி இருந்தது. விமானந்தாங்கி துறைமுகத்தில் இருப்பதாக உளவுத் தகவல் என்று கராச்சி அதில் காஸிக்குச் சொல்லியிருந்தது. அடுத்த நாள், நவம்பர் 26 அன்று, காஸியிடமிருந்து வரவேண்டிய அறிக்கை வரவில்லை. போர் மேற்கே வெடிப்பதற்கு முன்பே அந்த மௌனம் பாகிஸ்தான் கடற்படைத் தலைமையகத்தைக் கவலைப்பட வைத்துவிட்டது. 26 வயதுக் கப்பல், பராமரிப்புக்கு வழியில்லாத கடல், பக்கத்தில் நேசநாட்டுத் துறைமுகம் ஒன்றுமில்லை. செய்தி அனுப்பும் கருவியில் ஒரு சின்னப் பழுது வந்திருந்தால்கூட அதைச் சொல்லவும் வழி இருந்திருக்காது.

சரி, டிசம்பர் 3. அன்று மாலை பாகிஸ்தான் விமானங்கள் மேற்கு எல்லையில் இந்திய விமானத்தளங்களைத் தாக்கின. விசாகப்பட்டினம் முழுக்க இருட்டடிப்பு. கலங்கரை விளக்கமும் மிதவை விளக்குகளும் இல்லை. எரிபொருள் நிரப்பிக்கொண்ட ராஜ்புத், லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் தலைமையில், நள்ளிரவுக்குச் சற்று முன் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. வழிகாட்டும் பைலட்டுடன் கால்வாயில் வந்துகொண்டிருக்கும்போதே அவருக்கு ஒரு யோசனை தட்டியது. நீர்மூழ்கி ஒன்று வாசலிலேயே காத்திருந்தால், மெதுவாகப் போகும் இந்த நேரம்தான் அதற்கு வசதி. பைலட்டை இறக்கிவிட்டு, கால்வாயைக் கடந்ததும் முழு வேகம் எடுத்தார். சிறிது நேரத்தில் வலப்புற முன்திசையில் நீர் கலங்குவதைக் கண்காணிப்பாளர் பார்த்துச் சொன்னார். முங்கும் நீர்மூழ்கியாக இருக்கலாம் என்று அந்த இடத்தை நோக்கிக் கப்பலைத் திருப்பி, டெப்த் சார்ஜ் எனப்படும், கடலுக்குள் குறிப்பிட்ட ஆழத்தில் வெடிக்கும் குண்டுகள் இரண்டைப் போட்டார். பின் தன் வழியே போனார்.

சில நிமிடங்கள் கழித்து, நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய கால் மணிக்கு, கடலில் பெரும் வெடிப்பு. ராஜ்புத் அதிர்ந்தது. கரையில் வீடுகளின் கண்ணாடிகள் அதிர்ந்தன. இந்திரா காந்தி வானொலியில் நாட்டுக்குப் பேசிய அதே நள்ளிரவு அது, ஊரே விழித்திருந்தது. மறுநாள் காலை மீனவர்கள் எண்ணெய்ப் படலத்தையும் மிதக்கும் பொருள்களையும் பார்த்தார்கள். அமெரிக்க முத்திரை உள்ள உயிர்காப்பு மிதவை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடற்படையின் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தபோது துறைமுக வாயிலிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கடல் மைலில் காஸி கிடந்தது. 1965இல் பாகிஸ்தான் செய்ததுபோல ஆதாரமில்லாமல் அறிவித்துவிடக் கூடாது என்பதில் கடற்படை கவனமாக இருந்தது. எல்லாம் உறுதியான பிறகு டிசம்பர் 9 அன்றுதான் செய்தி வெளியானது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. சொல்லப்படும் காரணங்கள் நான்கு. நான்கையும் ஒரே எடையில் வைக்க முடியாது.

ராஜ்புத்தின் குண்டுகள் நேரடியாக உடலைப் பிளந்தன என்பது முதலாவது. டெப்த் சார்ஜ் விழுந்த சில விநாடிகளில் வெடித்துவிடும். ஆனால் பெருவெடிப்பு நிமிடங்கள் கழித்தே கேட்டது. குண்டுகள் மட்டும் தனியாக அந்த வேலையைச் செய்யவில்லை என்பதற்கு இந்த இடைவெளியே சான்று. கிருஷ்ணனின் தரப்பு வாதம் இதைவிட நுட்பமானது: ராஜ்புத் பாய்ந்து வருவதைக் கண்டு காஸி அவசரமாக முங்கியது, குண்டுகளின் அதிர்ச்சியும் சேர்ந்து தரையில் மோதியது, அதனால் உள்ளிருந்த டார்பிடோவோ கண்ணிவெடியோ வெடித்தது. ஆழம் குறைந்த நீரில் 95 மீட்டர் நீளக் கப்பல் மூக்கைக் கவிழ்த்து முங்கினால் தரை எவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்று யோசித்துப் பார்த்தால் இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது, தான் போட்ட கண்ணிவெடியில் தானே மாட்டிக்கொண்டது என்பது. பாகிஸ்தான் பக்கம் அதிகம் சொல்லப்படுவது இதுதான். டார்பிடோக் குழாய் வழியாகவே கண்ணிவெடிகளையும் விடமுடியும். விக்ராந்த் கிடைக்காவிட்டால் துறைமுக வாசலில் கண்ணி விதைத்துவிட்டு வருவது காஸிக்கு இட்ட பணிகளில் ஒன்று. இருட்டடிப்பில் கரையில் எந்த விளக்கும் தெரியாது. இன்றுபோல் செயற்கைக்கோள் கிடையாது. கரை அடையாளங்களை வைத்து இடத்தைக் கணிக்க வேண்டிய மாலுமிக்கு, தான் விதைத்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் பிசகினால் போதும்.

மூன்றாவது, ஹைட்ரஜன். ஈய-அமில பாட்டரியை சார்ஜ் ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது நான்கு சதவீதத்தைத் தாண்டினால் ஒரு தீப்பொறி போதும். காற்றோட்டக் கருவி பழுதான பழைய கப்பலில் இது உண்மையான ஆபத்து. ஆனால் முக்குளிப்பவர்கள் பார்த்த பெரிய சிதைவு கப்பலின் முன்முனையில், டார்பிடோ அறைப் பக்கம். பாட்டரிகள் அதற்குப் பின்னால் இருப்பவை. பாட்டரி அறையில் தொடங்கிய தீ முன்னே பரவி ஆயுதங்களை வெடிக்க வைத்திருக்கலாம். ஹைட்ரஜன் மட்டுமே முன்முனையை அப்படிக் கிழித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான்காவது, டார்பிடோ அறையிலேயே ஏதோ ஓர் ஆயுதம் வெடித்தது. உலோகம் உள்ளிருந்து வெளியே பிதுங்கியிருந்ததாக முக்குளிப்பவர்கள் சொன்னதற்கு இதுதான் நன்றாகப் பொருந்துகிறது. ஏன் வெடித்தது என்று கேட்டால் மறுபடி முதல் மூன்று காரணங்களில் ஒன்றுக்குத் திரும்பத்தான் வேண்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: காஸியைக் கிழித்தது அது சுமந்து வந்த வெடிமருந்துதான். அதைத் தூண்டிவிட்டதில் ராஜ்புத்துக்குப் பங்கு இருக்கலாம், அது கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். 1971 போர் சம்பந்தமான கடற்படைக் கோப்புகளில் காஸி பற்றியவை அழிக்கப்பட்டுவிட்டதாக 2010இல் செய்தி வந்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. வெற்றி நம்முடையதாகவே இருக்கட்டும். அதன் ஆவணமும் நம்மிடம் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராஜ்புத் ஒரு குண்டுகூடப் போட்டிருக்காவிட்டாலும், காஸியை அந்த இருட்டில், ஆழமில்லாத அந்த வாசலில், இல்லாத ஒரு கப்பலுக்காகக் காத்திருக்க வைத்தது நாகர்கோவில்காரர் விரித்த வலைதான். விக்ராந்த் மறுநாளே காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தன் விமானங்களால் தாக்கியது. அப்படித் தாக்கும் துணிவு, காஸி விசாகப்பட்டினத்துப் பக்கம் இழுக்கப்பட்டதால் வந்தது.

அடுத்து, பழைய கப்பல் என்பதாலா? இந்தக் கேள்விக்குப் பலர் சட்டென்று "ஆமாம்" என்கிறார்கள். அந்த இரவின் மற்ற இரண்டு பாத்திரங்களைப் பாருங்கள். ராஜ்புத் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காக ஓடிய எச்.எம்.எஸ். ராதர்ஹம். 1942ஆம் ஆண்டுக் கப்பல், 1949இல் நமக்கு வந்தது. விக்ராந்த் பிரிட்டன் பாதி கட்டிவிட்டு நிறுத்திவைத்த ஹெர்குலிஸ். 1945இல் நீரில் இறக்கியதை 1957இல் வாங்கி, முடித்து, 1961இல் கொடி ஏற்றினோம். ஆக மூன்றும் ஒரே தலைமுறைக் கப்பல்கள். மூன்றுமே வேறு நாடுகள் வேறு போருக்காகக் கட்டியவை. விக்ராந்த் கொதிகலன் விரிசலோடுதான் போருக்குப் போனது.

வித்தியாசம் எங்கே என்றால், விக்ராந்தின் குறை அதன் தளபதிக்குத் தெரியும், அதற்குத் தகுந்த மாதிரி திட்டம் போட்டார், ஒளிந்துகொள்ள இடம் இருந்தது, பக்கத்தில் துணைக்கப்பல்கள் இருந்தன. காஸிக்கு அப்படி ஒன்றுமில்லை. அதன் வயது அதைக் கொன்றது என்பதற்கு ஆதாரம் இல்லை. வயதான ஒரு கப்பலைத் தன்னந்தனியாக, திரும்பிப் பார்க்க ஒரு துறைமுகம்கூட இல்லாத கடலுக்கு அனுப்பியது, அதற்கு வரக்கூடிய எந்தச் சின்னச் சங்கடத்தையும் பெரிதாக்கியிருக்கும். பாட்டரி தீர்ந்தால் ஸ்னார்க்கலை நீட்டி டீசலை ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சின் சத்தத்தில், ஒலியை வைத்து எதிரியைக் கண்டறியும் தன் சோனாருக்கே காது கேட்காது. எதிரியின் வாசலில் இதைத் தினமும் இரவு செய்ய வேண்டிய நிலை. கமாண்டர் ஜாபரும் அவருடைய ஆட்களும் இரண்டு வாரத்துக்கும் மேலாக இப்படித்தான் வங்காள விரிகுடாவில் தாக்குப்பிடித்தார்கள். எதிரி என்றாலும் அந்த மன உறுதியை மதிக்காமல் இருக்க முடியாது.

இரண்டாம் கை நீர்மூழ்கி காணாமல் போவது காஸிக்கு மட்டும் நடந்ததில்லை. இஸ்ரேல் பிரிட்டனிடம் வாங்கிய டோட்டெம் என்ற கப்பல், டகார் என்று பெயர் மாறி, 1968 ஜனவரியில் போர்ட்ஸ்மவுத்திலிருந்து ஹைஃபாவுக்கு முதன்முறையாக வரும் வழியிலேயே 69 பேருடன் மறைந்தது. 1999இல் கிரீட்டுக்கும் சைப்ரஸுக்கும் இடையே கிட்டத்தட்ட 3,000 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கும் வரை 31 ஆண்டு அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன. அதன் மேற்கட்டுமானத்தின் ஒரு பகுதியை 2000இல் வெளியே எடுத்து ஹைஃபா கடற்படை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னால் உங்கள் மூன்றாவது கேள்வி வந்துவிடுகிறது: அவ்வளவு ஆழத்திலிருந்தே எடுக்கும்போது, கரையிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கிடக்கும் காஸியை ஏன் எடுக்கவில்லை?

எடுத்துத் தருகிறோம் என்று அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முன்வந்தன. இந்தியா இருவரிடமும் வேண்டாம் என்றது. அது அமெரிக்கா குத்தகைக்கு விட்ட கப்பல். அமெரிக்கக் கடற்படையின் கப்பல் பதிவேட்டில் டயாப்லோவின் பெயரை அடித்த தேதியாக இருப்பது 1971 டிசம்பர் 4, அது மூழ்கிய அதே நாள். உள்ளே வெடிக்காத ஆயுதங்கள் இருக்கக்கூடும் என்பது ஒரு காரணம். போர்க்காலத்தில் மூழ்கிய கப்பல் அதில் இறந்தவர்களின் கல்லறை என்று உலகெங்கும் மாலுமிகள் கடைப்பிடிக்கும் மரபு இன்னொன்று. மேலே வந்த ஓர் உடலின் சட்டைப்பையில், தனக்கு நிச்சயித்த பெண்ணுக்கு அந்த மாலுமி உருதுவில் எழுதிய கடிதம் இருந்தது என்று கிருஷ்ணன் பின்னாளில் எழுதினார். அந்த வலையை விரித்தவரே அதை எழுதினார் என்பதுதான் அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் என்னை உலுக்குகிறது.

விசாகப்பட்டினம் போனால் ராமகிருஷ்ணா கடற்கரைச் சாலையில் 1996இல் எழுப்பிய வெற்றிச் சின்னம் இருக்கிறது. அதே சாலையில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நம் பழைய சோவியத் நீர்மூழ்கியை மணலில் ஏற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நான் போனபோது அதன் முன் டார்பிடோ அறையில் சற்று நேரம் நின்றேன். குழாய்களுக்கு ஓரடி தூரத்தில் மாலுமிகள் படுக்கும் பலகைகள். தலைக்கு மேல், காலடியில், முதுகுக்குப் பின்னால் என்று எங்கும் வெடிமருந்துக்கு இடம். காஸியில் வெடித்தது இதுபோன்ற ஓர் அறைதான். நான்கு காரணங்களைப் பற்றிப் படித்தபோது புரியாத ஒன்று அங்கே புரிந்தது: அப்படி ஓர் அறையில் எது முதலில் வெடித்தது என்று கேட்டால், பதில் சொல்லும் நேரம் யாருக்கும் இருந்திருக்காது.

2024இல் இந்தியக் கடற்படை, ஆபத்தில் சிக்கும் நீர்மூழ்கிகளிலிருந்து ஆட்களை மீட்பதற்காக வாங்கிய சிறு மீட்புக்கலத்தைக் கொண்டு அந்தக் கடலடியைத் தேடியபோது காஸியின் உடலை மறுபடி அடையாளம் கண்டது. பக்கத்திலேயே இன்னொரு நீர்மூழ்கியும் கிடந்தது. ஜப்பானின் ஆர்.ஓ-110. 1944 பிப்ரவரி 11 அன்று, கொழும்பிலிருந்து கல்கத்தாவுக்குப் போன கப்பல் வரிசையைத் தாக்க வந்து, அதற்குக் காவலாக வந்த அன்றைய இந்தியக் கடற்படையின் ஜம்னாவும் இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களும் போட்ட டெப்த் சார்ஜில் மூழ்கியது. அதே விசாகப்பட்டினத்து வாசல், 27 ஆண்டு இடைவெளி. இரண்டையும் படமெடுத்துக்கொண்டு, எதையும் தொடாமல் மீட்புக்கலம் மேலே வந்துவிட்டது.